கொட்டாவியின் அழுகை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் வசனக்காரி எழுதுகிறேன். மகள் வீட்டில் சௌகரியமாக இருக்கிறீர்களா? பேத்தி உங்களை ஒரு நிமிடம் உட்கார விடமாட்டாள் என்று தெரியும். முழங்கால் வலிக்கு ஒத்தடம் கொடுங்கள், வீம்பு பண்ணாதீர்கள். போனில் பேசியிருக்கலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு எழாது.

நம் அனிமே தொடர் பத்தாவது வருடத்திலும் முடிகிற வழியாக இல்லை. கப்பல் இன்னும் கரை சேரவில்லை, கதாநாயகனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் படத்துக்குத் தமிழ் பேசி உயிர் கொடுப்பதே நாம்தான் என்று பீற்றிக்கொள்வீர்களே, அந்தத் திருப்பணி தடையில்லாமல் நடக்கிறது.

இத்தனை வருடம் நீங்கள் பேசிய கப்பல் சமையல்காரன் கொட்டாவிக்கு இப்போது ஒரு தம்பி குரல் கொடுக்கிறான். கெட்டிக்காரன்தான், ஆனால் அளவு தெரியவில்லை. கத்தி கழுத்துக்கு வந்ததும் கொட்டாவி வாயைப் பிளக்க வேண்டும், பிள்ளைகள் சிரித்து மூச்சு விட வேண்டும், அப்புறம்தான் கத்தி இறங்க வேண்டும். சிரிப்பு கொஞ்சம் நீண்டாலும் பயம் ஓடிவிடும். அதெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்த வாரக் கதையில் கப்பல் தலைவர் சாகிறார். கொட்டாவி முதல்முறையாக அழுகிறான். தம்பி உயிரைக் கொடுத்து அழுதான், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அவன்மேல் தப்பில்லை. அந்த மூஞ்சியைப் பார்த்தாலே சிரிக்கப் பழகிவிட்டோம். எத்தனை தடவை எடுத்தாலும் யாராவது ஒருவர் களுக்கென்றார். இயக்குநர் ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு, "ஜனம் இந்த இடத்துல சிரிச்சா நாம தொலைஞ்சோம், ஏதாவது பண்ணு" என்று என் தலையில் கட்டினார்.

நான் பண்ணினேன், அண்ணா. பண்ணக்கூடாததைப் பண்ணினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்குப் போன் வந்த அன்று மைக் திறந்திருந்தது. அண்ணிக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தீர்கள். இடைவேளையில் கொட்டாவி குரலில் பொய்ப் போன் பேசி எங்களைச் சிரிக்க வைப்பது உங்கள் வழக்கம். அன்றும் அதுதான் என்று நினைத்தோம். நீங்கள் உள்ளே கதறினீர்கள், நாங்கள் வெளியே வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் கட்டைவிரலை உயர்த்தி, விடாதீர்கள் என்று ஜாடை வேறு காட்டினேன். கண்ணாடி வழியாக நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அண்ணியின் உடலைக் கடைசியாகப் பார்க்க வந்தபோதும் உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றேன். இதுவரை அதைப் பற்றி நானும் பேசவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

ஒலிப்பதிவாளர் அந்தப் பதிவை அழிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கி, எங்கள் சிரிப்பை நீக்கச் சொல்லி, கொட்டாவியின் வாயில் பொருத்தினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அசத்திட்டே" என்றார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கைவைக்க முடியவில்லை.

நேற்று அதைக் காட்சியிலிருந்து நீக்கிவிட்டேன். இயக்குநர் குதித்தார். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளு, சரின்னுடுவார்" என்றார். நீங்கள் சரி என்பீர்கள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இப்போது அந்தக் காட்சியில் கொட்டாவியின் வாய் அசைகிறது, கடல் மட்டும் கேட்கிறது. ஒளிபரப்பாகும்போது ஜனம் சிரித்தால் சிரிக்கட்டும், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அழுகைக்கு நடுவில் நீங்கள் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். இத்தனை வருடத்தில் உங்கள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை. காட்சிக்கு ஒத்துவராது என்று அந்த இடத்தை மட்டும் வெட்டச் சொன்னதும் நான்தான். வெட்டிய துண்டையும் முழுப் பதிவையும் வாங்கி என்னிடம் வைத்திருக்கிறேன். அழித்துவிடவா, உங்களிடம் கொண்டுவந்து கொடுக்கவா? பதில் எழுத மனம் வராவிட்டால் போன் பண்ணி வாய்க்கு வந்தபடி திட்டுங்கள், அண்ணா. கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்,
வசனக்காரி