மெதுவாகச் சுத்துற மோட்டார்

மாமாவுக்கு, ஓசூர் பால் கம்பெனியில இருந்து பாவாயி எழுதறேன். நான் சுகம்தானுங்க. உங்க முழங்கால் வலி தேவலாமா?

சொல்லவே வெக்கமா இருக்குது, ஓடிட்டிருந்த நல்ல மோட்டாரை நானே நிறுத்திப்போட்டேன். பால் குளிர வைக்கிற மிசினுக்கு ஐஸ்தண்ணி தள்ற மோட்டார் அது. திடீர்னு மெதுவாச் சுத்துச்சு. அரியூர்ல நம்ம கிணத்து மோட்டார் அப்படி முனகினா வோல்டேஜ் குறைஞ்சு காயில் புகையுமில்லீங்களா? ஓடிப்போய் சுவிச்சை அமுத்திட்டேன்.

சூப்பர்வைசர் மோகன்ராஜ் தலையில கை வெச்சுக்கிட்டார். “ஏம்மா, பால் குளுந்துட்டா கரண்டு மிச்சம் பண்ண, மோட்டாரோட சேர்ந்த அந்தக் கன்ட்ரோல் பெட்டியே வேகத்தைக் குறைக்கும்!”

“ஒடம்பு நல்லாருக்கயிலயே மெதுவா நடக்குமா சார்? எங்கூட்டுக்காரர் மாதிரி?”

உங்களைத்தான் சொன்னேன், சூப்பர்வைசர் சிரிக்கலீங்க. இன்னொருக்கா தொட்டா வேலை போயிரும்னுட்டார். எது நோவு, எது சிக்கனம்னு எனக்கு இன்னும் பிடிபடல.

லாரிக்கார கார்த்திகிட்ட மிளகு குடுத்துவிடுங்க. உங்க பழைய துண்டு ஒண்ணும், துவைக்காம.

சங்கு ஊதிட்டாங்க, முடிச்சுக்கறேன். இன்னைக்கு மோட்டார் மெதுவாச் சுத்தி, அப்புறம் நின்னே போச்சு. நான் தொடலைங்க, கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நின்னேன். ஒரு தொட்டிப் பாலும் திரிஞ்சுபோச்சு. என் வேலை மட்டும் போகாம இருக்குதுங்க.

பாவாயி