வெள்ளைக் கல்லில் ஐந்து கறை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. நாகலூர் ஹோம்ஸ்டே வாசலில் நின்ற ஜீப்பே தெரியவில்லை. சமையல் மேடையில் கறை. அடுப்பைச் சுற்றி மூன்று, சிங்க் பக்கம் இரண்டு. ஈரம் பட்ட மாதிரி கருப்பு. துடைத்தால் போகவில்லை. கல் போட்டு நாலே மாசம்.

கருப்பு கிரானைட் போடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஓனரம்மாவுக்கு வெள்ளைதான் வேண்டும். போட்டோவில் நல்லா வருமாம். வெளிர் கல் எதையும் உறிஞ்சும் என்றேன். "கல்லு எங்கப்பா உறிஞ்சும்?" என்று சிரித்தார்.

இன்று கறையைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் சேலத்திலிருந்து ஓனரம்மா போன். சிரிப்பு இல்லை. "யாரு பண்ணுனது?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "வேற யாரு, சமைக்கிறவங்கதான்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். கல்லு பழையபடி இருக்கணும். இல்லைன்னா அந்தம்மாவ நிறுத்திரு."

அந்தம்மா = பழனியம்மாக்கா. இங்கே சமையல். பராமரிப்பு முழுக்க நான்.

ஆகஸ்ட் 6, புதன்

தூறல். யோசித்துப் பார்த்தது:

- எலுமிச்சை, புளி: பளபளப்பு போய் வெளுக்கும். கறுக்காது.
- பாத்ரூம் ஆசிட்: பூட்டி சாவி என்னிடம்.
- சூடான குக்கர்: விரிசல் விடலாம். கறை வராது.
- சிங்க் ஒழுக்கு: அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. இல்லை. முதுகு வலிதான் மிச்சம்.

அப்போ எண்ணெய்.

"எண்ணெய் கொட்டுனீங்களாக்கா?"

"ஒரு சொட்டு கொட்டலீங்க தம்பி. எங்கூட்டுப் புள்ள மாதிரி பாத்துக்கறனுங்க."

சொல்லிக்கொண்டே வெங்காயத்தைக் கல் மேலேயே வைத்து நறுக்குகிறார். பலகை ஆணியில் தொங்குகிறது. கேட்டால், "கல்லுக்கு என்னங்க ஆவும், கத்திதான் மழுங்கும்." இவர்களோடு என்ன பேசுவது.

சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கறை மேல் கெட்டியாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள். ஒரு நாள் விட்டுத் தாளை எடுத்துக் காயவிட்டால் எண்ணெயை உறிஞ்சி எடுக்கும். படித்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

தாளை எடுத்தேன். காயவில்லை. சொதசொத. ஒரு நாளில் காயும் என்று எழுதினவன் ஏற்காட்டுப் பக்கமே வந்ததில்லை. டேபிள் ஃபேன் வைத்தேன். மதியம் கரண்ட் போயிற்று. கேட்பானேன்.

கொத்தனார் கோவிந்தண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க இஞ்சினியரே, கல்லுக்குத் தலைவலியா? பத்து போட்டிருக்கறீங்க?"

கல்லைப் பதித்ததே அவர்தான். ஓனரம்மாவிடம் அக்கா பேரைச் சொன்னதையும் அவர் வைத்த கெடுவையும் மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சீக்கிரமே போனேன். பழனியம்மாக்கா துணியால் மேடையை வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். என் சோடாவுக்கு இடம் விட்டுச் சுற்றிலும். கையில் பேர் ஒட்டாத தண்ணி பாட்டில். உள்ளே விளக்கெண்ணெய்.

கத்திவிட்டேன். "என்ன பண்றீங்க!"

"நீங்க காட்டுனதுதானுங்க."

கல் போட்ட அன்று மிச்சமிருந்த சீலரை, கல்லுக்குள் கறை இறங்காமல் தடுக்கப் பூசுவதை, இதே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது நான். பேர் எழுதவில்லை. துணியில் தொட்டு, வட்டமாகத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள் என்றேன். எதற்கு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடினேன்.

"அது பத்து நாள்ல தீந்துபோச்சுங்க. ரெண்டு வாட்டி போன் போட்டனுங்க. அப்பறம் அப்பறம்னு வெச்சுப்போட்டீங்க. புதுத் தோசைக்கல்ல எண்ணெய் தடவித்தான பழக்குவோம், இதுவும் அப்படித்தான்னு நெனச்சனுங்க. அடுப்புகிட்டயும் சிங்க் பக்கமுந்தான் நொம்ப அடி வாங்குது. அங்க மட்டும் தெனமும்."

நாலு மாசம். தினமும். சொந்த விளக்கெண்ணெய்.

நான் கேட்டது "கொட்டுனீங்களா" என்று. அவர் கொட்டவில்லைதான்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் பஸ்ஸில் சேலம். எண்ணெயைக் கரைக்க அசிட்டோன், உறிஞ்ச முகப்பவுடர் வாங்கித் திரும்பினேன். மலை ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் தூக்கம்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் என்று கேஸ் சிலிண்டரை வெளியே வைத்து, ஜன்னல் எல்லாம் திறந்து, பவுடரை அசிட்டோனில் குழைத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. மூன்று தடவை. நாலு கறை போயிற்று. அடுப்புக்கு இடது பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒன்று அசையவில்லை.

சுவரில் தாள் ஒட்டினேன், பெரிய எழுத்தில்: சோப்புத் தண்ணி, பிறகு ஈரமில்லாமல் துடைக்கவும். புளி, எலுமிச்சை சிந்தினால் உடனே. பலகையில் நறுக்கவும். சூடான பாத்திரத்துக்கு அடியில் பிரிமணை. எண்ணெய் தடவ வேண்டாம். தண்ணீர் சொட்டு வைத்துப் பத்து நிமிடத்தில் கல் கறுத்தால் சீலர் போய்விட்டது, என்னைக் கூப்பிடவும்.

கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: போன் எடுப்பேன்.

கிளம்பும்போது அக்கா கேட்டார். "நாளைக்கு நான் வரட்டுங்களா, வேண்டாங்களா? நாந்தான் பண்ணுனன்னு தம்பி சொல்லீட்டீங்களாமா. கோவிந்தண்ணன் சொல்லுச்சு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"வாங்க" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில்! இன்றைக்குத்தான் அடிக்க வேண்டுமா.

ஓனரம்மா நேரே அந்த ஒரு கறையிடம் போனார். அக்கா கதவோரம் நின்றார். கையில் டிபன் பை, கீழே வைக்கவே இல்லை.

"நிறுத்தச் சொன்னனே?"

"சீலரைப் பேர் எழுதாத பாட்டில்ல குடுத்தது நான். எதுக்குன்னு சொல்லல. போன் பண்ணுனாங்க, பேசல. நிறுத்தறதுன்னா என்னை நிறுத்துங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அப்ப அன்னிக்கு ஏன் அவங்கன்னு சொன்னே?"

சுவரில் கிளம்பியிருந்த தாளின் ஓரத்தை அழுத்தி ஒட்டினேன்.

ஓனரம்மா கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "ரெண்டு பேரும் இருங்க. அந்தக் கறை போற வரைக்கும் மேடைய நீதான் துடைக்கற. தெனமும்."

கார் போனதும் அக்கா பையைக் கீழே வைத்தார். நான் துணியை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். பின்னாலேயே வந்து நின்றார்.

"வட்டமாத் தேய்ங்க தம்பி. அப்படித்தானுங்க நீங்க காட்டுனது."