மூன்று கட்டத்தில் சித்தி

ஜூன் 3, செவ்வாய்
ஞாயிறு இதழுக்குப் பெரிய குறுக்கெழுத்து வேண்டுமாம். இசைக்குழு நடத்தியவர்கள், பாடகர்கள், தங்கள் பெயரையே ஒரு பொருளுக்குக் கொடுத்தவர்கள் என மூன்றையும் கலந்து போடச் சொல்லிவிட்டு ஆசிரியர் சாப்பிடப் போய்விட்டார். டீசல் சுலபம், அந்த இன்ஜினைக் கண்டுபிடித்தவரின் பெயர். சாக்ஸபோனும் அப்படித்தான். மிச்சத்துக்கு மண்டையை உடைக்க வேண்டும். அப்பா இருபத்தாறு வருஷம் மெல்லிசைக்குழு நடத்தினவர். கேட்டால், "விடையை நானே சொல்லிட்டா ஞாயித்துக்கிழமை எதைப் போடறது?" என்று பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜூன் 5, வியாழன்
கீழ் மூலையில் மூன்று கட்டம் காலி. எதுவும் பொருந்தவில்லை. கை தானாக எழுதிவிட்டது: "முன்னாள் பாடகி. ஒத்திகை அறைக்குக் கீழே இருந்த கடைக்காரர் எலுமிச்சை சோடாவுக்கே இவர் பெயரை வைத்தார்."

விடை: சிட்டு. என் சித்தி.

அப்பா குழுவின் பாடகி. எட்டு வருஷம் முன்னால், குழுவின் கடைசிக் கச்சேரியில் மேடை ஏறும் நேரத்தில், அவளுடைய தனிப்பாட்டை அப்பா ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். சித்தி அப்படியே இறங்கி பஸ் பிடித்துப் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. அம்மா தவறினப்போகூட வாசலோட நின்னுட்டுப் போயிட்டா.

அழிக்கலாமா? அழிக்கவில்லை. அச்சுக்குப் போயாச்சு.

ஜூன் 8, ஞாயிறு
அப்பா முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று கட்டம் மட்டும் வெள்ளை. தெரியாமலா விட்டிருப்பார்?

ஜூன் 9, திங்கள்
ஆபீசுக்கே போன் பண்ணிவிட்டாள் சித்தி. "முன்னாளா? நான் பாடறதை நிறுத்திட்டேன்னு உனக்கு யாருடி சொன்னது?" போன வாரம்கூட ஏதோ கம்பெனி விழாவில் மூன்று பாட்டாம். அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வைக்கும்போது, அப்பா அந்த மூன்று கட்டத்தை நிரப்பினாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாமோ?

ஆசிரியர் வேறு. யாருக்கும் தெரியாத ஆளைப் போட்டால் வாசகர் எங்கே போவார் என்கிறார். சரியான விடை வராவிட்டால் புதிர்ப் பகுதி வேறு கைக்குப் போய்விடுமாம்.

ஜூன் 13, வெள்ளி
நாற்பத்தொரு சரியான விடை! தபாலும் மெயிலுமாக. சிலர் சோடாவின் ருசிவரை எழுதியிருக்கிறார்கள். பகுதி தப்பித்தது. கடிதக் கட்டை அப்படியே கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். ஒருவர் கேட்டிருந்தார்: கடைசிக் கச்சேரியில் சிட்டு ஏன் பாடவில்லை? அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஜூன் 14, சனி
காலையில் என் போனை வாங்கி அப்பாவே சித்தியைக் கூப்பிட்டார். "அன்னிக்கு அந்தப் பாட்டு உன்னோடது. நான் பண்ணது தப்பு."

போனிலிருந்து சித்தி குரல் எனக்கே கேட்டது.

"இதைச் சொல்ல எட்டு வருஷமா, அத்தான்?"

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொன்னார்.

ஜூன் 22, ஞாயிறு
புதிர் பாதியில் நிற்கிறது. பதினோரு மணியிலிருந்து கூடத்தில் இரண்டு பேரும் சண்டை. சித்திக்கு சுருதி ஏறிப்போச்சாம். இல்லையாம், அப்பாவோட கீபோர்டுதான் கிழடாம். அவர் மறுபடி முதலிலிருந்து வாசிக்கிறார். அவள் பாடுகிறாள்.

கதவைச் சாத்தலாமென்று எழுந்தேன். நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.