காட்டோரத்தில் போட்ட கிடை

அன்புள்ள அப்பாவுக்கு, கோகுலகிருஷ்ணன் வணங்கி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? விளாத்திகுளம் பக்கம் மழை இறங்கியதா? இங்கே விட்டபாடில்லை.

வயநாட்டில் நான் வேலை பார்க்கும் இந்த ஊர் மிகச் சின்னது. வாழையும் இஞ்சியும்தான் விவசாயம். தோட்டம் முடிகிற இடத்திலேயே மழைக்காடு தொடங்கிவிடும். சிக்னல் கிடையாது, அதனால்தான் கடிதம்.

சின்னதாக ஒன்று நடந்தது. முதலாளியின் ஆடுகளைக் கொட்டிலில் அடைக்காமல், நம் கரிசலில் செய்வதுபோல எருவுக்காக வெறும் நிலத்தில் கிடை போட்டேன். பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தேன். விடிந்து பார்த்தால் ஒரு ஆட்டைக் காணவில்லை. ஈர மண்ணில் சிறுத்தையின் கால்தடம் என் பாய் வரை வந்து திரும்பியிருந்தது.

என்னோடு வேலை செய்யும் கயத்தாறு சுந்தரபாண்டி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, இது என்ன நம்மூர்ப் பொட்டக்காடா? இங்கன கிடை போட்டா ஆட்டையும் தூக்கும், ஒன்னையும் தூக்கும்ல!"

அம்மாவுக்கு வாசிக்கும்போது கால்தடத்தை விட்டுவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் இஞ்சி லாரி டிரைவரிடம் ஆட்டுமணி இரண்டு கொடுத்தனுப்புங்கள். தண்ணீர் எடுக்கும் வழி காட்டோரம். சத்தம் கொடுத்துக்கொண்டே நடந்தால் சிறுத்தை விலகிவிடுமாம். தனியாகப் போகிறவன் யாரிடம் பேசுவது? ஒரு மணி கிடாவுக்கு; ஒன்றை நான் இடுப்பில் கட்டிக்கொள்வேன்.

லாரி கிளம்புகிறது. புதுமணி வாங்க வேண்டாம் அப்பா. நம் ஆடுகளின் கழுத்தில் கிடப்பதையே அவிழ்த்து அனுப்புங்கள்.

கோகுல்