செலோடேப் ஒட்டிய பலூன்

டீச்சர்,

நேற்று திருக்கோகர்ணத்தில் என் அண்ணன் பேரனுக்குப் பிறந்தநாள். சுவரில் கட்டியிருந்த பலூன் ஒன்று ஆணியில் உரசிப் படாரென்று வெடித்தது. ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் கேக் மறந்துபோய் நீங்கள் வந்து நின்றீர்கள். போய்ச் சேர்ந்த பிறகும் வகுப்பெடுக்க உங்களுக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

நானும் இயற்பியல் ஆசிரியைதான். ஒரே பள்ளி, அடுத்தடுத்த அறை. ஒலிப் பாடத்தன்று ஏ பிரிவில் நான் கரும்பலகையில் அலை வரைவேன். பி பிரிவில் நீங்கள் பலூன் உடைப்பீர்கள். என் பிள்ளைகள் அத்தனையும் உங்கள் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆசிரியர் பிள்ளை அவர் வகுப்பிலேயே இருந்தால் மார்க் விஷயத்தில் பேச்சு வரும் என்று வேறு பிரிவில் போடுவது நம் பள்ளி வழக்கம். என் மகளை உங்கள் பிரிவுக்கு மாற்றச் சொல்லி ஹெச்.எம். முன்னால் நானே போய் நின்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் சிரித்தபடி சொன்னீர்கள்: "டீச்சர், டவுட் கேக்க வந்த ஒங்க பொண்ணு, வாய் தவறி என்னைய அம்மான்னுட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அவள் இன்று கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். யாரால் இந்தப் பாடத்துக்கு வந்தாய் என்று எவர் கேட்டாலும் உங்கள் பெயரைத்தான் சொல்கிறாள், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

நேற்று பலூன் வெடித்ததும் பேரன் அழுதான். "ஏன் இவ்ளோ சத்தம்?" என்று கேட்டான். என் மகள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இன்னொரு பலூனில் செலோடேப் ஒட்டி, அதன்மேல் சேலைப் பின்னைக் குத்தினேன். வெடிக்கவில்லை.

"காத்து அதே காத்துதாண்டா. ஊசி பட்டதும் இழுத்து நிக்கிற ரப்பர் சடார்னு கிழிஞ்சு ஓடும். உள்ள அமுங்கிக் கெடந்த காத்து மொத்தமாப் பாஞ்சு, வெளிக்காத்துல அறையும். அந்த அறைதான் காதுல சத்தமா விழுது. டேப் இருந்தா கிழிசல் ஓடாது. மெதுவாக் கசியும், அவ்வளவுதான்."

எல்லாம் உங்கள் வார்த்தைகள், டீச்சர். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே மனப்பாடமானவை. என் பொறாமையும் ஒருநாளும் வெடித்ததில்லை, கசிந்துகொண்டே இருக்கிறது.

பின்னால் நின்ற என் மகள், "டீச்சர், இன்னொரு தடவ குத்துங்க" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

உங்களைக் கூப்பிட்டாளா, என்னையா என்று நான் கேட்கவில்லை. அன்று ஒரு 'அம்மா' உங்களுக்குப் போனது. இந்த 'டீச்சர்' என்னிடமே இருக்கட்டும். திருப்பித் தருவதாக இல்லை.