ஈசான மூலையில் நீ கட்டிய அட்டை

என் ராசாத்தி அக்காவுக்கு,

இந்த வருஷமும் போச்சு அக்கா. புரட்டாசியில் புழுதியில் விதைத்தேன். ஒரு மழைக்கு முளைத்தது, அப்புறம் வானம் திரும்பிப் பார்க்கவில்லை. கடல் பக்கமிருந்து உப்பு ஏறி வயல் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பயிர் கருகிவிட்டது. நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து இது மூன்றாவது வருஷம். இறால் பண்ணைக்காரர் குத்தகைக்குக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறார், பொங்கலுக்குள் பதில் வேணுமாம்.

நம் அய்யா காலத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். எட்டு நெல் வந்ததும், மழை குறைந்தாலும் விளைகிற சித்திரைக்கார் நெல்லை ஊரே கைவிட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே. தண்ணீர் இருந்த ஊர்களில் அந்தக் குட்டை நெல் பசியைத் தீர்த்தது, அதை நான் மறுக்கமாட்டேன். நமக்குத் தண்ணீர் எங்கே இருந்தது? பிறகு உப்பைத் தாங்குகிற நெல்லும் அந்தப் பிலிப்பைன்ஸிலிருந்தே வந்தது. ஆராய்ச்சிப் பண்ணைக்கு நீ கூலிக்குப் போய், சித்திரைக்கார் பூவைக் கத்தரித்து, அந்த நெல்லின் மகரந்தத்தைத் தூவி, காகித உறை மாட்டினாய். "நான் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்லே" என்பாய்.

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "ஏலே, ஈசான மூலையில நான் வார வரைக்கும் கை வைக்காத" என்றாய். களை எடுப்பதைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். நோயோடு திரும்பி வந்து நீ குனிந்து கஷ்டப்பட வேண்டாமே என்று நானே இறங்கினேன். அந்த மூலையில் மட்டும் செடிகள் உயரமாக, மீசை வைத்த கதிரோடு நின்றன. விதையில் கலந்த வேற்று நெல், கலப்பு என்று ஒன்று விடாமல் பிடுங்கி மாட்டுக்குப் போட்டேன். பென்சிலால் ஏதோ எழுதி நீ குச்சியில் கட்டியிருந்த அட்டையைக் குப்பையோடு கொளுத்தினேன். அந்தப் பெருமையைப் போனில் வேறு சொன்னேன்.

"எல்லாத்தையுமாலே?" என்று கேட்டாய். பிறகு, "சரி விடு. நீ சாப்ட்டியா?" என்றாய். ஏன் அக்கா என்னைத் திட்டவில்லை?

போன மாதம் உன்னோடு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த செல்வி வந்தாள். கருகின வயலைப் பார்த்துவிட்டு, "அக்கா ஒட்டுன நெல்லு எங்கண்ணே?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வெளைச்சல் கம்மின்னு ஆராய்ச்சியில கழிச்சுட்டாக. மிஞ்சுன கைப்பிடிய ஆபீசர் அக்காகிட்டதான குடுத்தாரு. ஈசான மூலையில போட்டிருக்கேன்னு சொன்னாகளே."

மறுநாளே பண்ணைக்கு ஓடினேன். புதிதாக வந்த ஆபீசர் நல்ல மனுஷர். "குளிர் அறையில ஒரு பொட்டலம் இருந்தாலும் இருக்கும். நம்பர் தெரியுமாய்யா?" என்றார். வரிசை வரிசையாகப் பெட்டிகள். எல்லாவற்றிலும் நம்பர்தான், ஒன்றிலும் உன் பெயர் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அட்டையில் நீ பென்சிலால் எழுதிய நம்பரை எரித்தவன் நான்தானே. எந்த நம்பர் அக்கா அது?

ஈசான மூலையைத் தவிர மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இறால்காரரிடம் சொன்னேன். "மூலைய விட்டுட்டுக் குளம் வெட்டச் சொல்றியா?" என்று சிரித்தார். அப்படியானால் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் பொண்டாட்டி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அடுத்த விதைப்புக்கு வீட்டில் விதை இல்லை.

பிடுங்கின அன்று ஒரு மணியாவது மண்ணில் உதிர்ந்திருக்குமா? உதிர்ந்திருந்தாலும் இத்தனை நாள் உயிர் இருக்குமா? அடுத்த மழைக்கு அந்த மூலையில் என்ன முளைத்தாலும் முளைக்கட்டும். எது பயிர், எது கலப்பு என்று நான் பார்க்கமாட்டேன். நீ சொன்னபடி, சத்தியமாக, கை வைக்கமாட்டேன் அக்கா.

உன் பேச்சைக் கேட்காத தம்பி,
முத்துராசு