ஆளுக்கொரு பட்டியல்

புதுச்சேரி, முதலியார்பேட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, லினெட் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? போனில் சொன்னால் பதறுவீர்கள் என்று எழுதுகிறேன்.

ஆபீசில் எல்லோர் வேலையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். அதை ஆள்வாரியாகப் பிரிக்க ஒரு புரோகிராம் எழுதி, திங்களன்று எல்லோர் முன்னாலும் ஓட்டினேன். புருஷோத்தமனுக்கு நாற்பத்தொரு வேலை, கிளாட்வினுக்கு இரண்டே இரண்டு.

"நான் சாவறேன், நீ சும்மா உக்காந்துனு இருக்கியா?" என்று புருஷோத்தமன் கிளாட்வினின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். கிளாட்வின் நாற்காலியை வீசினார். விலக்கப் போன என் நெற்றியில் பட்டது. மூன்று தையல்தான். ரத்தத்தைப் பார்த்ததும் இருவருமே என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்று கிளாட்வின் இருபது வேலைகளைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

அதில் என் மூக்குக்கண்ணாடியும் உடைந்துவிட்டது, பழையதை அனுப்புங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடுங்கள். வீடியோ வேண்டாம், குரல் போதும். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் லினெட்